நோவ்கொரோடில் ஒரு தலையசைப்பு

இந்த விடயம் தொடங்குமுன் லண்டன் தமிழரிடையே எனக்கு இருந்த இடத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னர் கிளம்பிய கதைகளால் அது மங்கிப்போயிற்று. நான் இலங்கையில் பொறியியற் பட்டம் பெற்றவன். எழுபதுகளில் மேற்படிப்புக்காக லண்டனுக்கு வந்து, கவுன்சில் ஒன்றின் வீதிப் பிரிவில் மூத்த பொறியியலாளனாக உயர்ந்தவன். எவரிடமும் புகலிடம் கேட்டு வந்தவன் அல்லன். ஆனால் எண்பத்துமூன்றுக்குப் பின் அப்படி வந்தவர்களில் பலருக்கு ஹரோவில் இருந்த என் வீட்டுக் கதவு தெரிந்திருந்தது. கலியாணப் பேச்சிலோ காணித் தகராறிலோ இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஒரு வாய் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட்டார்கள். கல்லூரியில் இலத்தீன் படித்த சுவை விடாமல், மாலை வகுப்பொன்றுக்குப் போய் ரஷ்ய மொழியும் கற்றுத் தேர்வு எழுதித் தேறியிருந்தேன். என் ரஷ்ய மொழி புத்தக மொழிதான். ஆயினும் பிழையற்றது.

சனிக்கிழமைகளில் ஹரோவில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் தமிழ் வகுப்பு நடக்கும். பிள்ளைகள் உள்ளே உயிர்மெய் எழுதும் நேரத்தில் பெற்றோர் கார்களுக்குள் இருந்து நித்திரை கொள்வதைக் கண்டு, வெறுமையாய்க் கிடந்த அறையொன்றைக் கேட்டு வாங்கிப் படிப்பு வட்டம் ஒன்றைத் தொடங்கினேன். எழுத்தின் வரலாறு எங்கள் பாடம். எழுத்தாணியால் கீறிய நம் ஓலை ஏடுகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, ரஷ்யாவின் மிகப் பழைய நகரங்களில் ஒன்றான நோவ்கொரோடில், பூர்ச்ச மரப்பட்டையில் கீறிய மடல்கள் சேற்றுக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட செய்தி எங்கள் கைக்கு வந்தது. அங்கும் மையில்லை, கூரிய முனையும் கீறலும்தான். சோவியத் அரசு கலைந்து, அந்நாட்டுக்குச் சுற்றுலாப் போவது எளிதாகியிருந்த காலம் அது. ஈஸ்டர் விடுமுறையில் நேரே போய்ப் பார்த்துவிடுவதென்று தீர்மானித்தோம்.

வட்டத்தில் மூவரைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். முதலாவது, ஒரு டாக்டரின் மனைவி. எந்தச் செய்தியையும் ஹரோவிலிருந்து லண்டனின் மறுகோடியிலுள்ள மனோர் பார்க்குக்குக் கொண்டுசேர்க்க அவருக்கு ரயில் தேவைப்பட்டதில்லை. அடுத்தவர் மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட கணக்காளர். நல்ல மனிதர், எதையும் பகிடியாக்காமல் விடமாட்டார். மூன்றாமவர், தென் லண்டனில் மிச்சம் என்னும் இடத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவரின் தங்கை. இது அவரைப் பற்றிய கதை.

அவருடைய கணவர் எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு முகவரை நம்பிக் கொழும்பிலிருந்து மொஸ்கோவுக்கு விமானம் ஏறினார். அங்கிருந்து லண்டனுக்கு அனுப்பிவைப்பதாக ஒப்பந்தம். மொஸ்கோவிலிருந்து ஒரேயொரு தடவை தொலைபேசியில் பேசினார். குளிர் கூட, நல்ல சப்பாத்து வாங்கவேணும் என்றார். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. மனைவியும் மகளும் வேறு வழியால் லண்டன் வந்து, தமையனின் வீட்டு மாடியறையில் இருந்தார்கள். அவர் பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. பூர்ச்சப்பட்டை பற்றி அவருக்கு அக்கறை இருந்ததாக நான் நினைக்கவில்லை. ரஷ்யா என்ற பெயர் என் வாயிலிருந்து வந்த அன்றே வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

புறப்படுவதற்கு முன் தமையன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். தங்கையின் மகள் அவ்வாண்டு மாசியில் பெரியபிள்ளையாகியிருந்தாள். நாங்கள் திரும்பி வந்ததும் மனோர் பார்க்கில் மண்டபம் எடுத்துச் சாமத்தியச் சடங்கு நடத்துவதாக ஏற்பாடு.

“அண்ணை, நீங்கள் ஒருக்கா அவவோட கதையுங்கோ. சனம் என்ர முகத்துக்கு நேர கேக்குது, பொட்டோட நிண்டு பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்கப்போறாவோ எண்டு.”

“நீர் என்ன நினைக்கிறீர்?”

“நான் என்னத்தை நினைக்கிறது? செத்தவனுக்கு அந்தியேட்டி செய்து முடிக்கவேணும். இல்லாட்டி அவனும் அலைவான், நாங்களும் அலைவம். நீங்கள் சொன்னாக் கேப்பா.”

“உடம்பைக் கண்டவர் ஆரும் இருக்கினமோ?”

“அதில்லை, அண்ணை...”

“அப்ப காணாத சாவுக்கு நான் சாட்சி சொல்லமாட்டன்.”

அந்தத் தொலைபேசிப் பேச்சை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. அவருடைய கணவர் உயிரோடில்லை என்பதே என் சொந்தக் கணிப்பாக இருந்தது. கணிப்பு வேறு, சாட்சியம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கும் பழக்கம் எனக்கு எந்நாளும் இருந்ததில்லை.

நோவ்கொரோடில் அந்த ஆண்டு குளிர் விடவில்லை. கோட்டையின் செங்கல் மதிலுக்குக் கீழே ஆறு வெள்ளையாக உறைந்து கிடந்தது. பாலத்தை ஒட்டிய ஓரிடத்தில் மட்டும் உறையாமல் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு வழிகாட்டியாக வந்த இளம்பெண் தெளிவான ஆங்கிலத்தில் அதற்கு விளக்கம் சொன்னாள். முற்காலத்தில் ஒரு கொடுங்கோலன் நகர மக்களை இந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளுவித்தானாம். அதனால் எந்தக் குளிர்காலத்திலும் இந்த இடத்தில் பனிக்கட்டி பிடிப்பதில்லை என்று ஊரார் நம்புகிறார்களாம்.

கணக்காளர் கைகளைத் தேய்த்துக்கொண்டே, “ஆமா, மேலே ஏதாவது பேக்டரிக்காரன் சுடுதண்ணி விடுறான், சார். நம்ம ஆளுங்க எங்க போனாலும் பேய்க்கதைதான் கேப்பாங்க,” என்றார். எல்லோரும் சிரித்தோம். கடைக்காரரின் தங்கையான அந்தப் பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. பாலத்தின் கம்பியைப் பிடித்தபடி அந்தக் கறுப்புத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றவர், என் பக்கம் திரும்பினார்.

“அப்பிடியெண்டா அவையள் இன்னும் சூடாத்தானே இருக்கினம், அண்ணை?”

நீரோட்டத்தின் வேகத்தைப் பற்றி ஏதோ சொன்னேன்.

பாலத்தில் எதிரே வந்த ஒவ்வோர் ஆணின் முகத்தையும் அவர் பார்த்தார். மயிர்த்தொப்பிக்குள் புதைந்த முகங்கள். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிவதே கடினம். எங்களுக்கு முன்னால் ஒருவர் ஒரு தோளைச் சற்றுத் தாழ்த்தி, கையை வீசாமல் நடந்துபோனார். பெண்மணி நடையை எட்டிவைத்தார். பிறகு ஓட்டமாகவே போனார். அந்த மனிதர் திரும்பினார். நீலக் கண், வெளிறிய முகம். “குறை நினையாதேங்கோ,” என்று பெண்மணி அவரிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு, அங்கேயே நின்றார். நான் அவருடைய கணவரைக் கலியாணப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். படத்தில் நடை தெரியாது. ஆயினும் அந்த மனிதர் திரும்பும்வரை நானும் வேறொரு முகத்தை எதிர்பார்த்தேன். ஏன் என்று இன்றும் விளங்கவில்லை.

மறுநாள் அரும்பொருளகத்தில் பூர்ச்சப்பட்டை மடல்களைக் கண்டோம். எதற்காகப் போனோமோ அதைக் கண்டுவிட்ட நிறைவு எனக்கு இருந்தது. பிற்பகலில் ஆற்றின் மறுகரையில், வழிபாடு மீண்டும் தொடங்கியிருந்த ஒரு சிறிய தேவாலயத்துக்கு எங்களைக் கூட்டிச் சென்றார்கள். உள்ளே நாற்காலிகள் இல்லை. குந்திரிக்கத்தின் மணமும் மெழுகின் சூடும், எங்கோ மறைவிலிருந்து பெண்குரல்களின் பாட்டும். வாசலருகே தலைத்துணி கட்டிய மூதாட்டி ஒருவர் மெழுகுதிரி விற்றுக்கொண்டிருந்தார். பெண்மணி சால்வையால் தலையை மூடிக்கொண்டு ஒரு மெழுகுதிரி வாங்கினார்.

அதைக் கையில் கொடுக்குமுன் மூதாட்டி ஒரு கேள்வி கேட்டார். சுகத்துக்காகவா, இளைப்பாறுதலுக்காகவா என்பது அதன் சொல்லுக்குச் சொல் பொருள். உயிரோடிருப்பவர்களுக்கு ஏற்றுவது வலப்பக்கத்து வட்டத் தட்டில், இறந்தவர்களுக்கு ஏற்றுவது வேறிடம் என்று அவர் கையால் காட்டிய விதத்திலேயே விளங்கிற்று. நான் தமிழில் சொல்வதற்கு வாயெடுக்குமுன் அவர் பெண்மணியின் நெற்றிப் பொட்டை உற்றுப் பார்த்து, சுருக்கமாக ஒரு சொல்லால் கேட்டார்: “ஷிவோய்?” உயிரோடிருக்கிறாரா என்பது அதன் பொருள்.

“உயிரோட இருக்கிறவருக்கோ எண்டு கேக்கிறா, தங்கச்சி,” என்றேன். என் சொற்கள் இவைதாம்.

பெண்மணி மூதாட்டியின் முகத்தைப் பார்த்தபடி தலையாட்டினார். தோளுக்குத் தோள் தலையைச் சாய்த்து நாம் ஆமோதிப்போமே, அந்த ஆட்டம். வாய்க்குள் “ஓம், ஓம்” என்றும் சொன்னார். பாட்டின் ஒலியில் அது எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

மூதாட்டியின் முகம் மாறிவிட்டது. சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, பெண்மணியின் கன்னத்தை ஒரு கையால் தடவி, வானுலகம் அவருக்குக் கிட்டட்டும் என்று அவர்கள் மொழியில் முணுமுணுத்தார். மெழுகுதிரியைத் தாமே எடுத்துக்கொண்டு இடப்பக்கம் போனார். அங்கே சதுரமான தாழ்ந்த மேசையொன்றில் சிறிய சிலுவை நின்றது. அதன் முன் மெழுகுதிரிகள் வரிசையாய் எரிந்துகொண்டிருந்தன.

என்ன நடந்துவிட்டதென்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்தது. நம்முடைய ‘ஓம்’ அவர்கள் கண்ணுக்கு ‘இல்லை’. நான் பின்னால் போய், “இல்லை அம்மா, உயிரோடு இருக்கிறார்,” என்று ரஷ்ய மொழியில் தெளிவாகச் சொன்னேன். அவர் நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டுப் பெண்மணியிடமே திரும்பி, குனிந்து, குழந்தையிடம் கேட்பதுபோல் மறுபடி கேட்டார்: “ஷிவோய்?”

பெண்மணி முன்னையிலும் பலமாகத் தலையை ஆட்டினார். கண் நிறைந்திருந்தது. ஆட்ட ஆட்ட, அந்த மூதாட்டிக்கு அது இல்லை, இல்லை, இல்லை என்றே ஆயிற்று. அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். பெண்ணின் துயரத்தை ஆற்றுவதற்காகப் பொய் சொல்லும் நல்ல மனிதர் என்று என்னைப் பற்றி எண்ணியிருக்க வேண்டும். மெழுகுதிரி அந்த மேசையிலேயே ஏறியது.

நான் பெண்மணியிடம் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அவர் கைகூப்பி நின்றார். வீட்டுச் சுவாமியறையில் நிற்பதைப் போன்ற அமைதி அவர் முகத்தில் இருந்தது. அதற்குள் கைவைப்பது பண்பல்ல என்று கருதினேன். இன்றும் அப்படியே கருதுகிறேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில் டாக்டரின் மனைவி வழிகாட்டிப் பெண்ணிடம், எல்லாரும் வட்டத் தட்டிலே ஏற்ற, இவவுடையதை மட்டும் அந்தச் சதுர மேசைக்குக் கொண்டுபோனது ஏன் என்று கேட்டார். அந்தப் பெண் ஒன்றும் அறியாமல், “அது இறந்தவர்களுக்கான மேசை,” என்றாள்.

பெண்மணி என்னைப் பார்த்தார். பிறகு பனியில் சறுக்கிச் சறுக்கி உள்ளே ஓடினார். நானும் போனேன், டாக்டரின் மனைவி எனக்குப் பின்னால் வந்தார். மேசையில் இருந்தவற்றுள் தம்முடையது எது என்று பெண்மணி எப்படிக் கண்டுபிடித்தாரோ தெரியாது. ஒன்றைப் பிடுங்கி, எரிகிற திரியைக் கையால் மறைத்தபடி, வலப்பக்கத்து வட்டத் தட்டை நோக்கி நடந்தார். பாட்டு நின்றிருந்தது. அங்கே நின்ற ஊர்ப் பெண்கள் விலகி வழிவிட்டார்கள். பாதி வழியில் திரி அணைந்தது.

கதவு திறந்திருந்தது. டாக்டரின் மனைவி அப்போதுதான் அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். காற்று உள்ளே வரும், திரி அணையும். இதில் விளங்காதது ஒன்றுமில்லை. ஆனால் அணைந்த திரியிலிருந்து எழுந்த புகை நேரே மேலே போகாமல் அவரைச் சுற்றியே நின்றது என் கண்ணில் இருக்கிறது.

லண்டனுக்கு நாங்கள் வந்து சேருமுன் கதை வந்து சேர்ந்துவிட்டது என்று சொன்னால் மிகையாகாது. ஹரோவில் அது, படிப்பு வட்டத் தலைவரே ரஷ்யப் பாதிரியிடம் மரணத்தை அறிவித்தார் என்று இருந்தது. மனோர் பார்க்குக்குப் போய்ச் சேர்ந்தபோது, தேவாலயத்தில் ஒரு கிழவி சாமி வந்து ஆடி, ஆள் ஆற்றுக்குள் கிடக்கிறார் என்று சொன்னதாக ஆகியிருந்தது. எனக்கு ரஷ்ய மொழி தெரியாது, தெரிந்ததாக நடித்தேன் என்றும் சிலர் பேசிக்கொண்டார்களாம். அதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை. சான்றிதழைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்மணி என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி தேநீர் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

“அண்ணை, நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். அதைக் கேக்க வரேல்லை.”

“பின்னை?”

“அந்த அம்மா ரெண்டாந்தரம் என்னட்டக் கேட்டவா. எனக்கு ‘சிவாய’ எண்டு கேட்டது. சிவாய எண்டு சொல்லுறாவெண்டுதான் அவ்வளவு பலமா ஆட்டினனான். இப்ப யோசிக்கிறன். சிவாய எண்டதுக்கோ ஆட்டினனான், அவர் இருக்கிறாரோ எண்டதுக்கோ ஆட்டினனான்? வாய் ஓம் எண்டது. தலை என்ன சொன்னது, அண்ணை?”

“தலையும் ஓம் எண்டுதான் சொன்னது. நான் பாத்தனான்.”

“நீங்கள் எங்கட ஆள். உங்களுக்கு அப்பிடித் தெரியும். அந்த அம்மாவுக்கு வேற மாதிரித் தெரிஞ்சிருக்கு. ரெண்டுபேரும் ஒரே தலையைத்தானே பாத்தனீங்கள்.”

தேநீர் ஆறிப்போயிற்று. அவர் எழுந்து போன பிறகு நான் குளியலறைக் கண்ணாடி முன் நின்று தலையை ஆட்டிப் பார்த்தேன். சற்று நேரம் பார்த்தால், அது என்ன சொல்கிறதென்று எனக்கே நிச்சயமில்லாமல் போயிற்று. அன்றிலிருந்து அலுவலகத்தில் ஆங்கிலேயர் எதைக் கேட்டாலும் கழுத்தை அசையாமல் வைத்துக்கொண்டு வாயால் மட்டும் பதில் சொல்லப் பழகினேன்.

சடங்குக்கு முந்திய வாரம் ஏதோ அலுவலாக மிச்சம் பக்கம் போனவன், தமையனின் கடைக்குள் நுழைந்தேன். கடைத் தொலைபேசி அடித்தது. அவர் எடுத்தார். மறுபக்கத்தில் பேச்சில்லை, அலை அடிப்பதுபோல் ஓர் இரைச்சல் மட்டும், நான் நின்ற இடத்துக்கும் கேட்டது. இணைப்புக் கோளாறு அக்காலத்தில் புதிதன்று. ஆனால் அந்தியேட்டி செய்யவேண்டுமென்று என்னிடம் ஒற்றைக்காலில் நின்ற அதே மனிதர், வாடிக்கையாளரைக் காத்திருக்க விட்டுவிட்டு, ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “மச்சான்? மச்சான், நீரோ? எங்க நிக்கிறீர்?” என்று கேட்டார். இரைச்சல் நின்றபிறகும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ரிசீவரை வைத்துவிட்டு, “கொச்சிக்காய் புதுசா வந்திருக்கு, அண்ணை,” என்று மிளகாய்ப் பெட்டியைக் காட்டினார். அந்தியேட்டிப் பேச்சை அவர் அதன்பின் எடுக்கவில்லை.

சடங்கு நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. எனக்கு முன்வரிசையில்தான் நாற்காலி போட்டிருந்தார்கள், அதையும் குறித்துக்கொள்ளலாம். பிள்ளை மணவறையில் இருந்தாள். ஆலாத்தி எடுக்கப் பெண்கள் இரண்டிரண்டு பேராய் வந்து போனார்கள். வாழைப்பழத் துண்டுகளில் திரி ஏற்றிய கடைசித் தட்டைத் தமையனின் மனைவி ஒரு பக்கம் பிடிக்க, மறுபக்கத்தை டாக்டரின் மனைவி பிடித்தார். தாய் பின்னால் தூணோடு நின்றார். நெற்றியில் பொட்டு இருந்தது. அவரை ஒருவரும் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

அவர் தாமாகவே நடந்து வந்தார். டாக்டரின் மனைவி தட்டை விடாமல், மெல்லிய குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, “பிள்ளையின்ர நன்மைக்குத்தான் சொல்லுறன், தங்கச்சி. அங்க என்ன நடந்ததெண்டு அண்ணைக்கும் தெரியும்,” என்றார்.

மண்டபமே என் பக்கம் திரும்பியது. தாயும் திரும்பினார்.

“சொல்லுங்கோ அண்ணை. அவர் இருக்கிறாரோ?”

நான் எழுந்து நின்றேன். தலையை அசையாமல் வைத்திருந்தேன்.

“ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாதவரைக்கும் நீர் அவற்ர பெண்சாதி. தட்டைப் பிடியும்.”

டாக்டரின் மனைவியின் கை தளர்ந்தது. தாய் தட்டைப் பிடித்தார். மூன்று சுற்றும் சுற்றும்வரை நாதஸ்வரக் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றி முடிந்ததும் அவர் மகளின் தலைக்கு மேலால் வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வாசலில் நின்றவர்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும்.

அவருடைய கணவர் வரவில்லை. வரமாட்டார் என்ற செய்தியும் வரவில்லை. அந்தியேட்டி இன்றுவரை நடக்கவில்லை. படிப்பு வட்டம் அந்தக் கோடையோடு கலைந்துவிட்டது. சனிக்கிழமைகளில் என்னோடு ஒரே அறையில் இருக்கச் சிலருக்குக் கூச்சமாக இருந்தது போலும். கணக்காளர் மட்டும் தொடர்ந்து வந்துபோனார். நோவ்கொரோடைப் பற்றி ஒரு பகிடியும் விட்டதில்லை. சில குளிர்கால விடியல்களில், உறையாத அந்தக் கறுப்புத் தண்ணீரின் ஓரத்தில், ஒரு தோளைத் தாழ்த்தி ஒருவர் நடப்பது எனக்குத் தெரிகிறது. அவர் திரும்புவதற்குள் விழித்துவிடுகிறேன்.

அணைந்த மெழுகுதிரி எத்தனை முயன்றும் பிறகு பற்றவேயில்லை என்று இப்போதும் கலியாண வீடுகளில் சொல்லிவருகிறார்கள். அது தவறு. வட்டத் தட்டில் எரிந்த வேறொன்றிலிருந்து பெண்மணி அதை ஏற்றினார். முதல் தடவையிலேயே பற்றியது. நாங்கள் வெளியேறும்போது எரிந்துகொண்டிருந்தது.